யூனிட்டின் விலையும் நிமிடத்தின் விலையும்: பொது விரைவு மின்னேற்றம் குறித்து

1. கேள்வி

மின்சாரக் கார் ஒன்றை வீட்டில் மின்னேற்றும்போது ஆகும் செலவுக்கும், நெடுஞ்சாலை ஓரத்து விரைவு மின்னேற்று நிலையத்தில் ஆகும் செலவுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. பேட்டரிக்குள் போவது அதே மின்சாரம்தான். ஆனால் இந்தியாவில் பொது டி.சி. விரைவு சார்ஜர்கள் யூனிட்டுக்குப் பெரும்பாலும் 15 ரூபாயிலிருந்து 25 ரூபாய் வரை வாங்குகின்றன. வீட்டு விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எவருக்கும் இது கொள்ளையாகவே படும். இந்த இடைவெளிக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. நிறுவனங்களின் லாப ஆசை என்பது ஒன்று. தொழில் புதிது, கார்கள் பெருகினால் விலை தானே இறங்கிவிடும் என்பது மற்றொன்று. வேகத்தைப் பற்றி நிலவும் புரிதல் இன்னும் எளிமையானது: கிலோவாட் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் எல்லோருக்கும் நல்லது.

இம்மூன்றும் பாதி உண்மைகள் என்பது என் கருத்து. விரைவு மின்னேற்றத்தில் பயனர் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி நேரத்துக்கான விலை. கார் வராமல் கருவி சும்மா நிற்கும் நேரம், கார் வந்தபின் அதன் உரிமையாளர் காத்திருக்கும் நேரம் என்ற இரண்டும் அதில் அடங்கும். நம் சட்டமும் வரியும் விளம்பரப் பலகையும் இந்த நேரத்தை எங்குமே அளப்பதில்லை. யூனிட்டையும் கிலோவாட்டையும் மட்டும் அளக்கின்றன. கட்டணம் குறித்த குழப்பமும் வேகம் குறித்த ஏமாற்றமும் இந்த ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன.

2. வீட்டு விலை என்ற அளவுகோல்

முதலில், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் அடுக்கு ஏற ஏற விலையும் ஏறும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65, 801 முதல் 1000 வரை 10.70, அதற்கும் மேலே 11.80. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தொடக்க அடுக்குகளில் கிடைக்கும் சலுகையும் குறைந்துவிடும்.

கார் இல்லாமலே இரண்டு மாதத்தில் 450 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும் கார் ஒன்று அங்கே சேர்கிறது. யூனிட்டுக்கு ஆறரைக் கிலோமீட்டர் என்று வைத்து, ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 330 யூனிட் கூடுதலாகத் தேவைப்படும். அந்த 330 யூனிட்டும் மேல் அடுக்குகளில்தான் போய் விழும். முதல் 50 யூனிட் 6.45 ரூபாயிலும், அடுத்த 100 யூனிட் 8.55 ரூபாயிலும், மீதமுள்ள 180 யூனிட் 9.65 ரூபாயிலும் கணக்காகும். கூட்டினால் 2900 ரூபாயைத் தாண்டுகிறது. அதாவது யூனிட்டுக்கு 9 ரூபாயை ஒட்டி வருகிறது. இழந்த சலுகையையும் கணக்கில் கொண்டால் 9 ரூபாய்க்கு மேலேயே போகும். வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு மூன்று நான்கு ரூபாய்தான் என்ற நினைப்பில் செய்யும் ஒப்பீடு இங்கேயே தளர்ந்துவிடுகிறது. நிலையத்தில் கொடுக்கும் 20 ரூபாய், வீட்டில் உண்மையாக ஆகும் செலவைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பெட்ரோலோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய்க்கு மேல் ஆகும். 20 ரூபாய் மின்சாரத்தில் அது 3 ரூபாய் அளவிலேயே நிற்கிறது.

எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. பிரிட்டனில் விரைவு சார்ஜர்களின் விலை யூனிட்டுக்கு 70 பென்ஸைத் தாண்டியிருக்கிறது. அந்த விலையில் ஒரு மைலுக்கு ஆகும் செலவு பெட்ரோல் காருக்கு ஆவதை விடக் கூடிவிடுகிறது. இரவில் வீட்டில் மலிவு நேரக் கட்டணத்தில் ஏற்றுபவர் அதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். இந்தியா இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. வராமல் தடுக்க வேண்டுமானால் இந்த விலை எதனால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

3. சும்மா நிற்கும் கருவி

60 கிலோவாட் சார்ஜர் ஒன்றை நிறுவி நடத்த, முதலீட்டுத் தேய்மானம், வட்டி, பராமரிப்பு, இட வாடகை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உண்மைத் தொகை இடத்துக்கு இடம் மாறும். கணக்கின் வடிவம் மாறாது. அந்தக் கருவி நாள் முழுக்க, ஆண்டு முழுக்க, முழுத் திறனில் ஓடினால் 5,25,600 யூனிட் விற்கலாம். அதில் 5 சதவீதமே ஓடினால் 26,280 யூனிட்தான் விற்கும். நிலையான செலவு மட்டும் யூனிட்டுக்கு 15 ரூபாய்க்கு மேல் வரும். 10 சதவீதம் ஓடினால் அது 7.60 ரூபாயாகவும், 20 சதவீதம் ஓடினால் 3.80 ரூபாயாகவும் இறங்கும். மின்சாரத்தின் கொள்முதல் விலையில் ஒரு பைசா மாற்றமில்லாமலே, கருவி எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து விற்பனை விலை 11 ரூபாய்க்கு மேல் ஏறி இறங்குகிறது. லாப ஆசை என்ற விளக்கம் போதாமல் போவது இங்கேதான். 5 சதவீதம் ஓடும் நிலையத்தை லாப நோக்கமே இல்லாத ஒருவர் நடத்தினாலும் யூனிட்டை 10 ரூபாய்க்குக் கொடுக்க அவரால் இயலாது.

அப்படியானால் பயன்பாட்டைக் கூட்டினால் போயிற்று என்று தோன்றும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. நெடுஞ்சாலை நிலையத்துக்குக் கார்கள் நாள் முழுவதும் சீராக வருவதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய நாட்களில் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் வாகனங்கள் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு நகரும் என்பது தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தது. விழுப்புரத்திலோ திருச்சியிலோ அந்த இரண்டு நாளும் வரிசை இல்லாமல் சேவை தரவேண்டுமென்றால், மற்ற முந்நூறு நாளும் பெரும்பகுதி வெறுமனே நிற்கும் அளவுக்குக் கருவிகளை வைக்க வேண்டும். பண்டிகைக் கூட்டத்துக்காக வைத்த கன்களின் (காரில் சொருகும் மின்னேற்று முனைகளின்) செலவை, சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் வருபவர் சுமக்கிறார். குறைவாக வைத்தால் விலை இறங்கும், ஆனால் பண்டிகை நாளில் மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும். காத்திருப்பும் ஒரு செலவுதான். அது ரசீதில் அச்சாகாது என்பதால் இல்லாமல் போய்விடாது. விலையும் வேகமும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மின் இணைப்புக்கான நிலைக் கட்டணத்திலும் இதே சிக்கல்தான். உயர்திறன் இணைப்புக்கு, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒப்புக்கொண்ட திறனுக்கு ஏற்ப மாதந்தோறும் கட்டணம் செலுத்துவது வழக்கமான முறை. ஒன்றிய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல் இதை உணர்ந்து, பொது மின்னேற்று நிலையங்களுக்கு ஒற்றைப் பகுதிக் கட்டணம் மட்டுமே இருக்க வேண்டும், அது மின்வழங்கலின் சராசரிச் செலவைத் தாண்டக்கூடாது என்றது. 2024 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல் இந்த ஏற்பாட்டை 2028 மார்ச் வரை நீட்டித்தது. கூடவே, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சராசரிச் செலவின் 0.7 மடங்கு, மற்ற நேரங்களில் 1.3 மடங்கு என்று பிரித்தது. இது நல்ல முடிவு. ஆனால் இதன் பொருள், சும்மா நிற்கும் நேரத்துக்கான செலவின் ஒரு பகுதி மின்வாரியத்தின் தோளுக்கு மாறியிருக்கிறது என்பதே. செலவு மறைந்துவிடவில்லை.

4. பலகையில் எழுதிய வேகம்

பெட்ரோல் பங்கின் குழாய் நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் ஊற்றும். காரின் ஓட்டத்தில் சொன்னால் நிமிடத்துக்கு 450 கிலோமீட்டருக்கு மேல். 60 கிலோவாட் சார்ஜர் நிமிடத்துக்கு ஒரு யூனிட் கொடுக்கும். அது ஆறரைக் கிலோமீட்டர். இந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் கிலோவாட்டை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் பலகையில் எழுதியிருக்கும் எண் நிலையத்தின் உச்சத் திறனைத்தான் குறிக்கிறது. பேட்டரி எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதை அந்தப் பலகை தீர்மானிப்பதில்லை.

எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று நொடிக்கு நொடி கேட்பது காரின் பேட்டரி மேலாண்மை அமைப்பு. அது கேட்பதை மட்டுமே சார்ஜர் தரும். டாடா நெக்ஸானின் 45 கிலோவாட்-மணி பேட்டரி 60 கிலோவாட்டைச் சுற்றியே உச்சம் தொடும். 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு 40 நிமிடம் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. அதை 180 கிலோவாட் கன்னில் சொருகினாலும் அந்த 40 நிமிடம் குறையாது. 800 வோல்ட் அமைப்பில் கட்டப்பட்ட ஹூண்டாய் ஐயானிக் 5 காரோ, 350 கிலோவாட் சார்ஜரில் அதே 10 முதல் 80 சதவீதத்தை 18 நிமிடத்தில் முடிக்கும் என்கிறார்கள். மின்னழுத்தம் இரட்டித்தால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இந்த வேறுபாடு முழுக்கக் காருக்குள் இருப்பது. சாலையோரத்துப் பலகையால் அதை ஈடுகட்ட முடியாது.

பேட்டரி நிரம்ப நிரம்ப வேகம் சரிவது இதைவிட முக்கியமானது. லித்தியம் அயனிகள் எதிர்முனைக் கிராஃபைட்டுக்குள் நுழைந்து தங்க இடம் வேண்டும். நிறைந்த பேட்டரியில் கட்டாயப்படுத்தித் தள்ளினால் அவை உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும், பாதுகாப்பையும் கெடுக்கும். அதனால் 80 சதவீதத்தை நெருங்கும்போது அமைப்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கடைசி 20 சதவீதத்துக்கு, அதற்கு முன் ஏற்றிய 70 சதவீதத்துக்கு ஆன நேரம்கூட ஆகலாம். நார்வேயில் குளிரில் உறைந்த பேட்டரி மெதுவாக வாங்கும். இங்கே சித்திரை வெயிலில் நெடுநேரம் ஓடி வந்த பேட்டரி சூட்டைத் தணித்துக்கொள்வதற்காக மெதுவாக வாங்கும்.

நிலையத்திலும் ஒரு மறைவான பங்கீடு நடக்கிறது. இரண்டு கன் கொண்ட 60 கிலோவாட் சார்ஜரில் இரண்டு கார்கள் நின்றால், பல கருவிகளில் ஆளுக்கு 30 கிலோவாட்தான் கிடைக்கும். 45 கிலோவாட்-மணி பேட்டரியில் 70 சதவீதம் என்பது 31.5 யூனிட். 30 கிலோவாட்டில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பலகையை நம்பி வந்தவர் 40 நிமிடம் என்று நினைத்திருப்பார். அவர் கொடுக்கும் யூனிட் விலையில் மட்டும் எந்தக் குறைவும் இருக்காது. யூனிட் கணக்கில் விற்கும்போது, மெதுவாகக் கொடுத்தாலும் விரைவாகக் கொடுத்தாலும் விற்பவருக்கு வருவது ஒரே தொகை. 95 சதவீதத்தில் நின்றுகொண்டு சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொள்பவருக்கும், பின்னால் வரிசையில் நிற்பவருக்கு இடம் விடும் அவசரம் எதுவும் இல்லை.

5. சேவை என்ற சட்டப் பெயர்

இந்த இடத்தில் சட்டம் எடுத்த நிலைப்பாடு கவனிக்கத்தக்கது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மின்சாரத்தை விற்க முடியாது. தெருவுக்குத் தெரு சார்ஜர் வைப்பவர் எல்லோரும் உரிமம் வாங்க வேண்டுமென்றால் இந்தத் தொழில் எழுந்தே இருக்காது. அதனால் 2018 ஏப்ரலில் மின்துறை அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. வாகனத்தை மின்னேற்றுவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, எனவே உரிமம் தேவையில்லை என்றது. தனியார் நிலையங்கள் பெருக இந்த ஒரு விளக்கமே வாசலைத் திறந்தது.

அதே பெயர் வேறொரு சுமையையும் கொண்டுவந்தது. மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சேவைக்கு உண்டு. மின்சாரக் கார்களுக்கும் சார்ஜர் கருவிகளுக்கும் 2019 ஆகஸ்ட்டில் ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். மின்னேற்றும் சேவைக்கோ 18 சதவீதம். 2023இல் மைசூரு வட்டாரத்து மின்பகிர்மான நிறுவனம் இதுபற்றிக் கேட்டபோது, கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் மின்சாரத்துக்கான தொகையும் சேவைக் கட்டணமும் சேர்ந்து ஒரே சேவைதான், முழுத் தொகைக்கும் 18 சதவீதம் பொருந்தும் என்றது. பயனர் கொடுக்கும் 20 ரூபாயில் 3 ரூபாய்க்கு மேல் வரி. வீட்டு வாகன நிறுத்தத்தில் ஏற்றுபவருக்கு இந்த வரி இல்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கு, நிறுத்த இடமில்லாத பழைய அடுக்குமாடியில் இருப்பவருக்கு, தெருவில் காரை விடுபவருக்கு இது தவிர்க்க முடியாத வரி. பிரிட்டனிலும் இதே கோணல் இருக்கிறது. அங்கே வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி, பொது மின்னேற்றத்துக்கு 20 சதவீதம். வசதி குறைந்தவர் அதிக விலையும் அதிக வரியும் சேர்த்துக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த எந்தக் காரணமும் எனக்குத் தென்படவில்லை.

வரியை நீக்குவதா குறைப்பதா என்பது ஒரு வாதம். அதற்கு முன்பே கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. இது சேவை என்றால், சேவையாக ஏன் அளப்பதில்லை? சேவையின் தரம் நேரத்தில் இருக்கிறது. கருவி வேலை செய்கிறதா, வந்தவுடன் கிடைக்கிறதா, சொன்ன வேகத்தில் கொடுக்கிறதா என்பவை அதன் அளவுகோல்கள். 2022இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 657 பொது விரைவு மின்னேற்று இணைப்புகளை நேரில் சோதித்த ஆய்வு ஒன்றில், 72.5 சதவீதம்தான் வேலை செய்தன. அமெரிக்காவின் ஒன்றிய அரசு நிதியில் அமையும் நெடுஞ்சாலை நிலையங்களுக்கு 97 சதவீத இயங்குநேரம் விதியாக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் 2023 ஒழுங்குமுறைகள் விரைவு சார்ஜர் வலையமைப்புகளுக்கு 99 சதவீத நம்பகத்தன்மையை விதிக்கின்றன. விலையை யூனிட்டுக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகக் காட்டவும், சாதாரண வங்கி அட்டையால் பணம் செலுத்த வழிவிடவும் கட்டாயப்படுத்துகின்றன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொரு செயலியிலும் முன்பணம் என்ற நம் நாட்டு நிலையோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

6. மறுப்புகள்

பெரும்பாலோர் வீட்டில்தான் ஏற்றுகிறார்கள், விரைவு நிலையம் எப்போதாவது போகும் இடம், அதன் விலை பெரிய சமூகப் பிரச்சினை ஆகாது என்று ஒரு மறுப்பு உண்டு. இன்றைய கார்காரர்களைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் அவர்கள் வீட்டில் ஏற்ற வசதி இருந்ததால்தான் மின்சாரக் கார் வாங்கினார்கள். வாங்காமல் விட்டவர்களின் காரணங்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அடுத்த பத்தாண்டில் வாங்கப்போகிறவர்களில் பலருக்குச் சொந்த நிறுத்தம் இருக்காது. அவர்களுக்குப் பொது விலையே அன்றாட விலை.

தொழில்நுட்பம் இதையெல்லாம் கடந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. 2025 மார்ச்சில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் ஒரு மெகாவாட் மின்னேற்றத்தை அறிமுகப்படுத்தி, 5 நிமிடத்தில் 400 கிலோமீட்டர் என்றது. பொறியியலாக இது பெரும் சாதனை. ஆனால் அப்படிப்பட்ட நான்கு கன்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் 4 மெகாவாட் வேண்டும். அதற்கு உயரழுத்த இணைப்பும் மின்மாற்றியும், பெரும்பாலும் நிலையத்திலேயே ஒரு சேமிப்பு பேட்டரியும் தேவைப்படும். பயனரின் காத்திருப்பு குறையும், கருவியின் சும்மா நிற்கும் செலவோ பல மடங்காகும். கார்கள் அடர்ந்த இடத்தில் அது தாங்கும். நாளுக்குப் பத்துக் கார் வரும் சாலையில் தாங்காது. வேகம் கூடினால் ஒரு கன் பல கார்களைப் பார்க்கலாமே என்பது உண்மைதான். அந்தப் பல கார்கள் வந்தாக வேண்டும், அவற்றின் பேட்டரியும் அந்த வேகத்தை வாங்க வேண்டும்.

மானியம் கொடுத்தால் விலை இறங்காதா என்ற கேள்வியும் உண்டு. 2023 மார்ச்சில், மின்வாகனங்களை ஊக்குவிக்கும் ஒன்றிய அரசின் ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில் 7,432 விரைவு சார்ஜர்களுக்காக மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024இன் பி.எம். இ-டிரைவ் திட்டம் நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாயை வைத்திருக்கிறது. பெட்ரோல் பங்குகளிடம் இடமும் சாலை வாசலும் இருப்பதால் இது வேகமாக நடக்கும் வழி. ஆனால் நிறுவுவதற்கான மானியம், நிறுவிய பின் கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. தொகையின் ஒரு பகுதியை ஆண்டுதோறும் இயங்குநேரத்தைச் சரிபார்த்துக் கொடுத்தால், அதே பணம் சேவையை வாங்கும். இப்போது அது இரும்புப் பெட்டியைத்தான் வாங்குகிறது.

நிமிடக் கணக்கில் விலை வைக்கலாம் என்ற யோசனையை நான் முழுதாக ஏற்கவில்லை. நார்வேயில் அப்படி வசூலித்த காலம் உண்டு. மெதுவாக வாங்கும் மலிவுக் கார்களே அதில் அதிகம் செலுத்தின. இந்தியச் சாலைகளில் ஓடுபவை பெரும்பாலும் அந்த வகைக் கார்கள். ஆனால் 80 சதவீதம் வரை யூனிட் கணக்கும், அதற்குமேல் வரிசை இருக்கும்போது மட்டும் நிமிடக் கணக்கும் என்பது யாருக்கும் அநீதி இழைக்காது. ஏற்றி முடித்த பின்னும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கார்களுக்கு டெஸ்லா 2016 இறுதியிலிருந்தே நிமிடக் கட்டணம் விதித்துவருகிறது.

7. மெதுவான கருவிகளின் இடம்

விரைவு மின்னேற்றம் தேவைப்படும் தருணங்களைக் குறைப்பது, அதை மலிவாக்குவதற்கு இணையான வேலை. ஒரு கார் நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டேதான் இருக்கிறது. அது நிற்கும் இடத்தில் 3.3 அல்லது 7.4 கிலோவாட் ஏ.சி. இணைப்பு இருந்தால் போதும். அதற்கான கருவி மலிவு. அது சும்மா நின்றாலும் நட்டம் சிறிது. 2019இல் ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, புதிய கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் 20 சதவீதம் மின்னேற்றத்துக்குத் தயாராக இருக்கவேண்டும் என்றது. அது புதிய கட்டடங்களுக்கு. சென்னையின் பழைய அடுக்குமாடிகளில் குடியிருப்போர் சங்கம் அனுமதி மறுத்தால் வாடகைக்காரர் எங்கே போய் முறையிடுவது என்பதற்கு அந்த விதியில் பதில் இல்லை. பகலில் 0.7 மடங்கு விலையில் கிடைக்கும் மின்சாரமும், சூரியசக்தி நிறைந்த தமிழ்நாட்டில், அலுவலக வளாகங்களிலும் ரயில் நிலைய நிறுத்தங்களிலும் எட்டு மணி நேரம் நிற்கும் கார்களுக்குத்தான் இயல்பாகப் பொருந்தும். அங்கே ஐம்பது ஏ.சி. முனைகளை வைப்பதா, சாலையோரத்தில் ஒரு 240 கிலோவாட் கருவியை வைப்பதா என்ற தேர்வு மாநில அரசின் முன்னும் மின்வாரியத்தின் முன்னும் இருக்கிறது. ஒற்றைப் பகுதிக் கட்டணம் 2028 மார்ச்சில் முடிவுக்கு வரும்போது அதை நீட்டிப்பதற்கு ஈடாக, ஒவ்வொரு கன்னும் மாதத்தில் எத்தனை மணி நேரம் இயங்கியது, எந்தச் சராசரி வேகத்தில் கொடுத்தது என்ற விவரத்தை நிறுவனங்கள் பொதுவில் வைக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையங்கள் கேட்கலாம். ஒவ்வொரு சார்ஜரும் இந்த விவரத்தை ஏற்கெனவே தன் சர்வருக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.